நக்ஸோஸில் எடுத்த படங்கள்

அந்தப் படத்தில் நான்கு பேருமே இருந்தார்கள். சிவாஜினிக்கு முதலில் இடித்தது அதுதான்.

யூலை மாதத்துக் குளிர்கால ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் மூன்று மணி இருக்கும். அவர்கள் குடியேறியிருந்த கிளென் வேவர்லியில் விடியற்காலையிலிருந்து மழை விடாமல் தூறிக்கொண்டிருந்தது. கூரைப் பீலியில் தண்ணீர் ஒரே சுருதியில் ஓடுகிற சத்தமும், ஹீட்டர் தரையோடு ஊதுகிற மெல்லிய இரைச்சலும், மத்தியானம் வைத்த மீன்குழம்பின் புளி வாசனையும் வரவேற்பறையில் அசையாமல் தங்கி நின்றன. அவள் கணவர் சிறிதரன் சோபாவில் காலை நீட்டிச் சாய்ந்துகொண்டு, கிரேக்கத்தில் நக்ஸோஸ் தீவுக்குப் போய்வந்த படங்களைப் பெரிய டிவியில் ஒவ்வொன்றாக ஓடவிட்டுக்கொண்டிருந்தார். போய்வந்து ஐந்து கிழமை, ஒரு மாதத்துக்கு மேலே ஆகிவிட்டது. எல்லாருடைய போனிலும் இருந்த படங்களை ஒரே இடத்தில் சேர்த்து ஆறுதலாகப் பார்க்க இன்றைக்குத்தான் நேரம் வாய்த்தது.

எல்லாரும் என்றால் நான்கு பேர். சிவாஜினியும் சிறிதரனும்; அவர்களோடு லக்ஷ்மிப்ரியாவும் அவள் கணவன் ஜெகதீஷும். திருச்சிக்காரர்கள். கேரம் டவுன்ஸ் கோவிலில் அன்னதானத்துக்குக் காய் வெட்டப் போன இடத்தில் பழக்கமாகி, பத்து வருடத்தில் உறவுக்காரரைப் போல ஆகிவிட்டவர்கள்.

டிவியில் அந்தத் தீவின் பழைய ஊர்ச் சந்து ஒன்று. வெள்ளைச் சுவர், நீலக் கதவு, தலைக்கு மேலே காகிதப்பூக் கொடி. நால்வரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு சிரித்தபடி நின்றார்கள்.

“இது ஆர் எடுத்தது?” என்று கேட்டாள்.

ரோட்டால் போன யாரையாவது கேட்டிருப்போம் என்றார் சிறிதரன். அதுவும் சரிதான். சுற்றுலாப் போன இடத்தில் எல்லாரும் செய்கிறதுதான்.

அடுத்த படம் கடற்கரை. உச்சி வெயில். கண்ணுக்கெட்டிய தூரம் வரை மணலில் ஒரு குஞ்சு குருமான் இல்லை. நான்கு பேரும் அலை நுனியில் காலை நீட்டி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். படம் கரையிலிருந்து எடுத்ததல்ல, கடலுக்குள் இருந்து எடுத்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்று, முகத்தைத் தண்ணீர் மட்டத்துக்குத் தாழ்த்தி எடுத்திருக்க வேண்டும். மூலையில் இரண்டு நீர்த்துளி பெரிதாகக் கலங்கித் தெரிந்தது. யாரோ ஊர் பேர் தெரியாத ஒருவர் உங்கள் போனை வாங்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்குவாரா?

அவள் தன் முகத்தை உற்றுப் பார்த்தாள். தெரியாதவருக்குக் காட்டுகிற சிரிப்பு அல்ல அது. தாடையைக் கொஞ்சம் தாழ்த்தி, கண்ணால் அதட்டி, உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு, ‘விளையாடினது காணும், வெளியில வா’ என்று சொல்கிற முகம்.

“அடுத்ததைப் போடுங்கோ” என்றாள்.

அடுத்தது வாடகைக் கார். ஜெகதீஷ் ஓட்டுகிறார், பக்கத்தில் சிறிதரன். நடுச் சீட்டில் சிவாஜினியும் லக்ஷ்மிப்ரியாவும் திரும்பி, பின்பக்கம் பார்த்துச் சிரிக்கிறார்கள். முன்கண்ணாடிக்கு வெளியே தெரு ஓடுகிறது. படம் எடுத்தவர் அவர்களுக்குப் பின்னால், மூன்றாவது வரிசைச் சீட்டில் இருந்திருக்கிறார்.

பீலித் தண்ணீரின் சத்தம் திடீரென்று கூடிவிட்டது போல இருந்தது.

“இஞ்சருங்கோ. காருக்குள்ள நாலு பேர்தானே இருந்தனாங்கள்?”

சிறிதரன் படத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் நெற்றியில் ஒரு சுருக்கம் விழுந்து, மெல்ல விரிந்து, இல்லாமல் போனது. போனைப் பின்னால் எங்கேயோ கொழுவி வைத்து, தானாக எடுக்க விட்டிருப்போம் என்றார். சொல்லிவிட்டு ரிமோட்டை அழுத்தினார்.

அதற்குப் பிறகு அவள் வேறு எதையும் பார்க்கவில்லை, எண்ணிக்கையைத்தான் பார்த்தாள். முதல் ஐந்து நாள் படங்களில் நிறைய இடத்தில் நான்கு பேரும் இருந்தார்கள். ஆறாம் நாளுக்குப் பிறகு ஒன்றிலும் நான்கு பேர் இல்லை. எடுத்தவர் குறைந்து, எப்போதும் மூன்று பேர்.

பிறகு, வரிசை மாறி, ஐந்தாம் நாள் படம் ஒன்று வந்தது. துறைமுகத்து மேடை. வள்ளங்கள், வலை காய்கிற கயிறு, தூரத்தில் சிறு குன்றின் மேல் தனித்து நிற்கிற ஒரு பழைய பளிங்கு வாசல். லக்ஷ்மிப்ரியா எடுத்தது, அவளுடைய விரல் ஓரத்தில் விழுந்திருந்தது. படத்தில் சிவாஜினி மட்டும். அவளுடைய வலது கை பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்கி வளைந்து, விரல்கள் எதையோ இறுக்கிப் பிடித்தபடி நின்றன. தலையை அந்தப் பக்கம் சாய்த்து, கன்னத்தை எதிலோ வைத்து அழுத்தியிருந்தாள். கன்னத்துச் சதை அமுங்கியிருந்தது.

அந்தக் கைக்குள் ஒன்றும் இல்லை. கடல்தான் தெரிந்தது.

அவள் எழுந்து குசினிக்குப் போனாள். அங்கே நின்று லக்ஷ்மிப்ரியாவுக்குப் போன் அடித்துக் கேட்க வேண்டும். குசினி வாசலைத் தாண்டி, அடுப்படியில் வந்து நின்றதும், எதற்கு வந்தோம் என்று தெரியவில்லை. தேத்தண்ணி போடவா? கொஞ்ச நாளாகவே இப்படித்தான். ஐம்பத்து மூன்று வயது. வேலையிடத்தில் சொன்னால், எங்களுக்கும் அப்படித்தான் என்று சிரிப்பார்கள். தண்ணீர் கொதிக்கக் கேத்தலைத் தட்டிவிட்டுத் திரும்பி வந்தபோது டிவியில் அந்தக் கை அப்படியே வெறுங்காற்றை அணைத்துக்கொண்டு நின்றது. இந்த முறை அறையை விட்டுப் போகாமல், டிவியைப் பார்த்தபடியே போன் அடித்தாள்.

லக்ஷ்மிப்ரியா எப்போதும் போலக் கலகலப்பாகத்தான் எடுத்தாள். த பேசின் என்கிற ஊர்ப் பிள்ளையார் கோவிலுக்குப் போய்விட்டு இப்போதுதான் வந்ததாகச் சொன்னாள். சிவாஜினி காரைப் பற்றிக் கேட்டாள். ஏழு பேர் உட்காருகிற கார் எதற்கு எடுத்தோம்? பெட்டி நிறைய இருந்ததே என்றாள் அவள். ஹோட்டலில் எத்தனை அறை? மூணு, என்று உடனே பதில் வந்தது. பிறகு அவளே கேட்டாள்:

“மூணு எதுக்குக்கா போட்டோம்?”

சிவாஜினி டிவியில் இருந்த அந்தக் கையையே பார்த்தாள்.

“அக்கா, எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. காலைல நான்தான் போய் அந்த மூணாவது ரூம் கதவைத் தட்டுவேன். தெனமும். எந்திரி, டிபன் முடிஞ்சிரும்னு...” குரல் அடங்கிப்போனது. “இருங்க, அவர்கிட்ட கேட்டுட்டு வர்றேன். பக்கத்து ரூம்லதான் இருக்கார்.”

செருப்புச் சத்தம். ஒரு கதவு திறந்தது. சிவாஜினி காத்திருந்தாள். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். எங்கேயோ தூரத்தில் மிக்ஸி ஓடத் தொடங்கியது. அதற்கு மேலாக லக்ஷ்மிப்ரியா யாரோடோ சிரித்துப் பேசுகிற சத்தம். கூப்பிட்டுப் பார்த்தாள். பிறகு யாரோ வந்து போனை எடுத்து, ஐயோ இது கட் ஆகவே இல்லையே என்று லக்ஷ்மிப்ரியாவின் குரலில் சொல்லி, வைத்துவிட்டார்கள்.

சிறிதரன் படங்களை முடித்துவிட்டு ஃபுட்போல் போட்டிருந்தார். பூனை உறங்குவது போல அரைக்கண்ணில் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் போனை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போனாள். முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். ஈரக் கையைத் துடைக்கச் சட்டையைத் தூக்கியபோது அடிவயிற்றில் விரல் பட்டது.

அங்கே ஒரு தழும்பு இருந்தது. எப்போதும் இருக்கிறதுதான். கட்டி எடுத்த தழும்பு என்றுதான் வீட்டில் பேச்சு.

ஆனால் சிவாஜினி இங்கே வந்து இரத்தம் எடுக்கிற வேலைக்குப் போவதற்கு முன்னால், யாழ்ப்பாணத்தில் ஏழு வருடம் மகப்பேற்று விடுதியில் தாதியாக இருந்தவள். நூறு வயிற்றில் தையல் வெட்டியவள். அவள் கண்ணாடிக்கு முன்னால் நின்று, அந்தக் கோட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலால் தடவினாள். இடுப்பெலும்புக்கு மேலே, மயிர்க்கோட்டோடு ஒட்டி, மெல்லிய ஒரு சிரிப்பைப் போல வளைந்த கோடு. அதற்கு மேலே, தொப்புளைச் சுற்றி, வெள்ளி நிறத்தில் நூல் நூலாகத் தோல் விரிந்த தடங்கள்.

கட்டிக்கு இப்படித் தோல் விரியாது.

இந்த வீட்டை ஏன் இங்கே வாங்கினோம்? நல்ல பள்ளிக்கூடத்தின் எல்லைக்குள் வருகிறது என்று அல்லாடி, இந்தத் தெருவில்தான் வேண்டும் என்று ஒரு வருடம் காத்திருந்து வாங்கினோம். யாரைப் படிக்க வைக்க?

நடைபாதையின் கடைசியில் ஒரு கதவு இருந்தது. ஸ்டோர் என்று சொல்லுவார்கள். தீவிலிருந்து வந்த நாளிலிருந்து அவள் அதைத் திறக்கவில்லை. திறக்கத் தேவையும் வரவில்லை. இப்போது தழும்பில் கையை வைத்தபடியே அதை நோக்கி நடந்தாள். கதவில், கண் உயரத்தில், எதையோ ஒட்டி எடுத்த நான்கு எண்ணெய்ப் புள்ளிகள். கைபிடி சில்லென்று இருந்தது.

திறந்தாள்.

பூட்டிக் கிடந்த அறையின் தூசி நெடிதான் வரும் என்று நினைத்தாள். வந்தது தேங்காய் வாசனை ஷாம்பூ. கட்டில். அவசரமாக எழும்பிப் போனவர் எறிந்துவிட்டுப் போன மாதிரிச் சுருண்டு கிடந்த போர்வை. மேசையில் ஒரு லப்டொப், காய்ந்துபோன தேத்தண்ணிக் கோப்பை, முடி சுற்றிய சீப்பு. கதிரையின் முதுகில் பல்கலைக்கழக அடையாள அட்டை ஒன்று நாடாவோடு தொங்கியது. படம் இருக்க வேண்டிய இடம் வெறும் வெள்ளை. கீழே ஆங்கிலத்தில் பெயர்.

ஆரபி சிறிதரன்.

உள்ளே காலை வைத்திருந்தாள். அதுதான் தெரியும். அதற்குப் பிறகு எல்லாம் ஒரேயடியாகத் திரும்பி வந்தது.

ஆரபி. மழை நாள், கிளேற்றன் ஆஸ்பத்திரி, பச்சைத் திரை, மூன்று கிலோ நூறு. இருபது வயது. பாலை இன்னும் சீனி கூடப் போட்டுக் குடிக்கிறவள். எதற்கும் நோ வொறீஸ் அம்மா என்கிறவள். கமராவைக் கையில் எடுத்தால் கீழே வைக்காதவள். என் பிள்ளை. என் ஒரே பிள்ளை. ஐந்து பேராகப் போனோம். ஐந்து கிழமை. ஐந்து கிழமையாகச் சமைத்தேன், சாப்பிட்டேன், வேலைக்குப் போனேன், சிரித்தேன்.

அவள் போட்ட சத்தத்தில் சிறிதரன் ஓடிவந்தார். வாசலுக்கு வெளியே நின்று, ஸ்டோருக்குள் என்ன செய்கிறீர் என்று கேட்டார். முகத்தில் பதற்றம் இருந்தது. ஆனால் அது மனைவி விழுந்துவிட்டாளோ என்கிற பதற்றம் மட்டும்தான். அவள் அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

அவர் முகம் உடைவதை அவள் பார்த்தாள். முதலில் வாய் திறந்தது. பிறகு கண். கட்டிலின் விளிம்பில் அப்படியே குந்தினார். அந்தப் போர்வையை அள்ளி மடியில் வைத்துக்கொண்டு, மூக்கில் அழுத்தி, பிள்ளை, பிள்ளை, பிள்ளை என்றார். முப்பது வருடத்தில் அவள் கேட்டிராத ஒரு குரல்.

“அந்த வாசலடியில” என்றார். “அந்தக் கல்லு வாசலடியில விட்டிட்டு வந்திட்டமப்பா.”

“எழும்புங்கோ. பொலிசுக்குப் போன் அடியுங்கோ. எம்பசிக்கு அடியுங்கோ.”

“போன் ஹோலில, சோபாவில கிடக்கு.” எழுந்தார். கண்ணீரைத் துடைக்கக்கூட இல்லை. “நில்லும், எடுத்துக்கொண்டு வாறன்.” ஓடினார்.

அவள் காத்திருந்தாள்.

பீலித் தண்ணீர். ஹீட்டர். சோபாவின் ஸ்பிரிங் ஒருமுறை கிறீச்சென்றது. பிறகு டிவியின் சத்தம் இரண்டு படி கூடியது. யாரோ கோல் போட்டிருக்க வேண்டும். “அடி சக்கை” என்று சிறிதரன் தனக்குத் தானே சொன்னது கேட்டது.

சிவாஜினி கதவுச் சட்டத்தைப் பார்த்தாள். சாதாரண மரச் சட்டம். வெள்ளைப் பெயின்ற். அதற்கு அந்தப் பக்கம் நடைபாதை, மங்கலான வெளிச்சம், அவள் கழற்றிவிட்ட வீட்டுச் செருப்பு. குசினியில் நின்று விழித்தது ஞாபகம் வந்தது. லக்ஷ்மிப்ரியாவின் செருப்புச் சத்தம் ஞாபகம் வந்தது. வாசலைத் தாண்டினால் நினைவு போய்விடுகிறது.

அவள் வாசலிலிருந்து பின்வாங்கி, மேசையடியில் போய் நின்றாள். இரண்டு முறை கத்திக் கூப்பிட்டாள். இந்தா வாறன் என்றார் சிறிதரன். வரவில்லை.

லப்டொப்பைத் திறந்தாள். அது பூட்டில்லாமல் திறந்தது. ஆரபியின் போனில் எடுக்கிறதெல்லாம் தானாக இங்கே வந்து விழும். அவள்தான் ஒருநாள் காட்டியிருந்தாள். ஆறாம் நாள் காலை என்று தேடி, அங்கே இருந்த வீடியோவைத் தொட்டாள்.

அந்தக் குன்று. துறைமுகத்திலிருந்து ஒடுங்கிய கல்பாதையால் போய் ஏறுகிற இடம். இரண்டாயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் கட்டத் தொடங்கி முடிக்காமல் விட்ட கோவில். சுவர் இல்லை, கூரை இல்லை, ஆள் உயரத்துக்கு மூன்று நான்கு மடங்கான பளிங்கு வாசல் மட்டும் வானத்துக்கு முன்னால் நிற்கிறது. ஒரு பக்கம் துறைமுகம், மறுபக்கம் திறந்த கடல். சூரியன் ஏறும் முன்னர் போயிருந்தார்கள். வேறு ஒருவரும் இல்லை. காற்று மைக்கில் படபடவென்று அடித்தது.

“அம்மா, கொஞ்சம் திரும்புங்கோ.”

அந்தக் குரல். சிவாஜினி வாயைப் பொத்திக்கொண்டாள்.

படத்தில் இருந்த சிவாஜினி திரும்பிச் சிரித்தாள். காற்று குளிருது, வா போவம் என்றாள். ஒரு நிமிஷம், என்றது குரல். போனை ஒரு கல்லின் மேல் வைத்த சத்தம் கேட்டது. வாசலுக்குக் குறுக்கே கட்டியிருந்த கயிறு ஒரு இடத்தில் கீழே அமுங்கி, விடுபட்டு, மேலும் கீழும் ஆடியது. அமுக்கிய காலைக் காணவில்லை. ஆளைக் காணவில்லை. சரளைக்கல் மட்டும் அடி அடியாக நெரிபட்டு, வாசலுக்குள் போய், அந்தப் பக்கம் ஓய்ந்தது.

நான்கு பேரும் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு, ஒரே நேரத்தில், முகத்தைத் திருப்பினார்கள். ஜெகதீஷ் சோம்பல் முறித்தார். சிறிதரன் பையைத் தோளில் போட்டார். கதைத்துக்கொண்டே பாதையில் இறங்கத் தொடங்கினார்கள்.

“அம்மா? நில்லுங்கோ, நான் வாறன்.” சிரிப்போடு.

சரளைக்கல் வேகமாக நெரிபட்டது.

“அம்மா, பகிடி விடாதைங்கோ.”

படத்தில் இருந்த சிவாஜினியின் சட்டைக் கை முழங்கையடியில் கசங்கி இழுபட்டது. அவள் நடையை நிறுத்தாமலே, ஈயைத் தட்டுவது போல அந்த இடத்தைத் தட்டிவிட்டாள்.

“அப்பா! அம்மா!” சிரிப்பு இல்லை.

நால்வரின் தலையும் பாதைக்குக் கீழே இறங்கி மறைந்தன. ஒருவரும் திரும்பவில்லை. அதற்குப் பிறகும் வீடியோ ஓடிக்கொண்டே இருந்தது. காற்று. கயிறு. வாசல். தூரத்தில் அந்தக் குரல்.

சிவாஜினி அதை நிறுத்தினாள். விரல் வழுக்கி, திரை கடைசிப் படங்களுக்கு இறங்கிவிட்டது.

ஒரு கப்பலின் தளம். ஒரு விமான நிலையத்தின் தரை. பிறகு கிளென் வேவர்லி ரயில் நிலையம், கடைசித் தரிப்பு, மழையில் மின்னுகிற தண்டவாளம். இவர்களுடைய தெருமுனை. இவர்களுடைய கடிதப்பெட்டி. இவர்களுடைய முன்கதவு, வெளியில் நின்று எடுத்தது. நேற்று. நேற்று. முன்தினம். அதற்கு முதல்நாள். ஒவ்வொரு நாளும் முன்கதவு.

கடைசியில் ஒரு சிறு வீடியோ. இன்று, நான்கு மணி பன்னிரண்டு. இப்போது மணி நான்கு இருபது.

முன்கதவும், அதன் பக்கத்துக் கலங்கல் கண்ணாடியும். மழைச் சத்தம். பல் கிடுகிடுக்கிற சத்தம். அவள் கோடை உடுப்போடு போனவள்.

“அம்மா, வாசலால உள்ள வர ஏலாமல் இருக்கு. கதவு திறந்திருந்தாலும் ஏலாமல் இருக்கு. ஒருக்கா என்ரை பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கோ. ஒருக்காச் சொன்னால் காணும். எனக்கும் எல்லாம் மறந்துபோய்க்கொண்டு இருக்கு.”

அழைப்பு மணி அடித்தது.

ஹோலில் சிறிதரன் எழும்புகிற சத்தம். கதவு திறந்தது. ஈரக் காற்று நடைபாதை வழியே வந்து சிவாஜினியின் காலைத் தொட்டது. ஒருத்தரும் இல்லை என்றார் சிறிதரன். கதவு சாத்தியது.

மணி மறுபடியும் அடித்தது.

அவள் யன்னலுக்குப் பாய்ந்தாள். பூட்டு. திறப்புக் கோர்வை குசினி மேசை லாச்சிக்குள். கண்ணாடியில் அடித்து, ஆரபி, ஆரபி, இஞ்ச வா, யன்னலுக்கு வா என்று கத்தினாள். யன்னலுக்கு வெளியே பின்வேலியும் மழையும்தான். முன்பக்கத்துக்கு அது எட்டாது. பேரைக் கையில் எழுதிக்கொள்ளப் பேனை தேடினாள். மேசையில் கிடந்த இரண்டும் எழுதவில்லை. நாடாவோடு தொங்கிய அட்டையைக் கழற்றி உள்ளங்கைக்குள் இறுக்கினாள். விளிம்பு தோலில் வெட்டியது.

பதினைந்து அடி தூரம். இரண்டு வாசல். இந்த அறை வாசல், நடைபாதை வாசல். பிறகு முன்கதவு. பேரை வாயிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். விடக்கூடாது. மூச்சு விடுவது போலச் சொல்லிக்கொண்டே போக வேண்டும்.

“ஆரபி. ஆரபி. ஆரபி.”

வாசலைத் தாண்டினாள்.

ஆரபி. ஆரபி. நடைபாதை. செருப்பு. ஆரபி. என் பிள்ளை. வெளியே நிற்கிறாள். குளிர். பிள்ளை. ஆரபி. மழையில் யாரோ நிற்கிறார்கள். கதவைத் திறக்க வேண்டும். ஆரபி. நல்ல இராகம். ஏன் அதை முணுமுணுக்கிறேன்? விடாதே. சொல்லு. ஆரபி.

மணி.

நடைபாதை வாசல்.

ஆரபி. ஆரப். ஆர.

டிவி வெளிச்சம். மீன்குழம்பு. சோபாவில் சிறிதரன். கண்ணீர் ஏன் வழிகிறது. கையில் ஏதோ அட்டை. கை நோகிறது. செருப்புத் தட்டில் வைத்தாள். யாரோ மணி அடிக்கிறார்கள். இந்த மழைக்குள். ஆர. ஆர.

முன்கதவின் கைபிடியைத் திருப்பினாள். திறந்தாள்.

“ஆர்?” என்று கேட்டாள்.

மழை. கடிதப்பெட்டி. நனைந்த புல். மழை இருட்டுக்குத் தெருவிளக்குகள் நேரத்தோடேயே ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டிருந்தன. ஒருவரும் இல்லை. கதவுப் பிணைச்சல் எங்கேயோ மெல்லக் கிறீச்சிட்டது, மிக அருகில், அவள் முகத்துக்கு நேரே, மூன்று எழுத்துச் சொல் ஒன்றை இழுத்துச் சொல்வது போல. எண்ணெய் விட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். சங்கிலியைப் போட்டுக் கதவைச் சாத்தினாள்.

ஆர் என்று கேட்டார் சிறிதரன், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“ஒருத்தரும் இல்லை.”

முகம் ஈரமாக இருந்தது. சாரல் பட்டிருக்கும். துடைத்துக்கொண்டாள். நெஞ்சு ஏனோ இன்னும் அடித்துக்கொண்டிருந்தது, ஓடிவந்த மாதிரி. கேத்தல் கொதித்து ஆறிப்போயிருந்தது, மறுபடி போட வேண்டும். திரும்பப் போனவள் நின்றாள்.

கதவுக்குப் பக்கத்துக் கலங்கல் கண்ணாடியில் ஒரு கறை. நெஞ்சு உயரத்தில். ஐந்து விரலும் விரித்து வைத்த மாதிரி. வெள்ளிக்கிழமைதான் துடைத்தாள், அதற்குள் இப்படி.

குசினியிலிருந்து துணி எடுத்து வந்து தேய்த்தாள். போகவில்லை. வாயால் ஊதி, அழுத்தித் தேய்த்தாள். கண்ணாடி சில்லென்று இருந்தது; அந்த ஒரு இடம் மட்டும் இளஞ்சூடு. கொஞ்சம் இடப்பக்கமாகத் தேய்த்தாள். கறையும் இடப்பக்கம் வந்தது. மேலே கொண்டுபோனாள். மேலே வந்தது. சிவாஜினி எரிச்சலோடு சூள்கொட்டிக்கொண்டு, துணியை மடித்து, முழுப் பலத்தோடு தேய்த்துக்கொண்டே இருந்தாள். துணி போகிற இடமெல்லாம், விரலுக்கு விரல் பொருத்தி, அதுவும் கூடவே போய்க்கொண்டிருந்தது.